வாசலில் ஒரு சேவகன்

பகல் சாப்பாட்டுக்குப் பின் சற்றே கண் அயரும் சமயம் பார்த்துத்தான், "ஸார், கடன் வேண்டுமா?" என்று கைபேசியில் ஒரு குரல் கேட்கும். நம் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? அது தனிப் புராணம்!

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கும் என் நண்பர் ஒருவர் இதற்குத் தாமே ஒரு செயலி எழுதிவிட்டார். ஆண்ட்ராய்டு கைபேசியில் 2016-லேயே இதற்கு வழி செய்யப்பட்டது. 2019-ல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலிருந்து, சொந்தக்காரர் சம்மதித்தால் எந்தச் செயலியும் இந்தச் சேவகன் உத்தியோகத்தை ஏற்கலாம். மணி அடிக்குமுன் கைபேசி அதனிடம் எண்ணைக் காட்டி, "விடலாமா?" என்று கேட்கும். 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால், பேசாமல் உள்ளே விட்டுவிடும். அகப்பட்டவரைத் தள்ளுவதைவிட இதுவே மேல் என்று நினைத்திருக்கிறார்கள், சரியான யோசனைதான். ஐபோனிலோ வேறு தினுசு. தடுக்க வேண்டிய எண்களைச் செயலி முன்கூட்டியே வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். யார் கூப்பிட்டார் என்பதை அதற்குச் சொல்லவே மாட்டார்கள்.

நம் நாட்டில் விற்பனை அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றைத் தள்ளுவது சுலபம். சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வருகிறவரை என்ன செய்வது?

நண்பர் அதிகம் யோசிக்கவில்லை. முகவரிப் பட்டியலைப் பார்க்கச் செயலிக்கு அனுமதி தராவிட்டால், பட்டியலில் உள்ளவர்களின் அழைப்புகள் அதனிடம் வராமலே நேராக மணி அடிக்கும். ஆகவே, "உன்னிடம் வருவதெல்லாம் அந்நியர், அத்தனையும் தள்ளு" என்று ஒரே வரியில் கட்டளை போட்டார். இரண்டு வாரம் பரம நிம்மதி!

மூன்றாம் வாரம் ஊரில் அவருடைய தாயார் மாடிப்படியில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரி டெலிபோனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றையும் சேவகன் விசுவாசமாக விரட்டிவிட்டான். பக்கத்துத் தெருவில் தம்பி இருந்ததால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. இரவு ஏழு மணிக்குத்தான், தடுத்த அழைப்புகளின் குறிப்பில் ஊர் எண்ணைக் கண்டு நண்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கட்டளை என்னுடையதுதானே ஸார், அதைக் குறை சொல்லி என்ன பயன்?" என்றார் என்னிடம்.

தள்ளுவதற்கும் விடுவதற்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு: மணியை மட்டும் அடக்குவது. கூப்பிடுகிறவருக்கு மணி போய்க்கொண்டிருக்கும். நம் அறையில் சத்தமிராது. எண் மட்டும் திரையில் தெரியும். நண்பர் அந்த ஒரு வரியை இப்படி மாற்றிவிட்டார். ஒரே எண் மறுபடியும் உடனே வந்தால் மணியை அடிக்கவிடு என்று இன்னொரு வரியும் சேர்த்திருக்கிறார். கடன் தரும் புண்ணியவான்களில் சிலரும் இரண்டு தடவை கூப்பிடுகிறார்களாம். எடுத்துப் பதில் சொல்லி வைத்துவிடுகிறார்.