கைக்குறையும் கைத்தொழிலும்

அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது 1960களில். இரும்புத் தகட்டை வெட்டியும் அழுத்தியும் பொருளாக்கும் பட்டறைகள் பெருகிய இடத்தில், 'பவர் பிரஸ்' என்னும் பொறிக்கு விரலைக் கொடுத்தவர்களும் இருப்பது வியப்பன்று. அவ்வாறு விரலிழந்த ஒருவர் பட்டறை வேலையை விட்டு, ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தம் வீட்டுத் திண்ணையில் ஒரு தையல் இயந்திரம் வாங்கிப் போடுகிறார் எனக் கொள்வோம். அவர் நெஞ்சில் உடனே ஓர் அச்சம் எழுகிறது: "நாலு காசு சம்பாதிப்பது தெரிந்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ?" இந்த அச்சத்தால் பெயர்ப்பலகை மாட்டாமலே தொழில் செய்வோர் உண்டு, தொழிலையே கைவிடுவோரும் உண்டு.

இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. வருகின்ற பணம் எதற்காக வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ. என வழங்கும் தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய திட்டம் இது. 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது, திட்டம் தொடர்கிறது. வேலையின்போது காயமுற்ற தொழிலாளி மருத்துவத்தில் இருக்கும் காலத்தில், அவருடைய ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும். இது தற்காலிக ஊனத்திற்கு உரியது. வேலைக்குப் போக இயலாததால் இழந்த கூலிக்கு ஈடாக அது தரப்படுகிறது. ஆகவே, வேலை செய்த நாளுக்கு அத்தொகை இல்லை. புண் ஆறுமுன் வீட்டில் அமர்ந்து தைத்துக்கொண்டே அதையும் பெறுவது முறையன்று.

புண் ஆறியபின் நிலைமை வேறு. மருத்துவக் குழு அவரைப் பார்த்து, சம்பாதிக்கும் ஆற்றலில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று மதிப்பிடும். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, கட்டைவிரல் போனால் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 என்று சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. நாள் ஊதியம் 500 ரூபாய் பெற்றவர் கட்டைவிரலை இழந்தார் என்றால், 450 ரூபாயில் 30 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 135 ரூபாய் கிடைக்கும். முப்பது நாள் மாதத்திற்கு 4,050 ரூபாய். இறுதியாக மதிப்பிடப்பட்ட பின் இது வாழ்நாள் முழுதும் உரியது. மறுபடி வேறு பட்டறைக்குச் சென்றாலும், வீட்டில் தைத்து முன்னிலும் மிகுதியாக ஈட்டினாலும் இது நிற்பதில்லை. போன விரலுக்கான ஈடு அல்லவா இது? தையற்காரரின் கட்டைவிரலும் காவற்காரரின் கட்டைவிரலும் அட்டவணைக்கு ஒன்றே. இது முற்றும் நீதியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மதிப்பீடு குறைவு என்று கருதினால் மேல்முறையீடு செய்ய வழியிருக்கிறது.

இவ்விழுக்காட்டை, அரசு மருத்துவமனை தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் விழுக்காட்டோடு பலர் குழப்பிக்கொள்கின்றனர். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். பின்னதற்கு அடிப்படை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்; அதில் 40 விழுக்காடு என்பதே முக்கியமான எல்லை. அச்சட்டம் சுயதொழிலுக்குப் பயிற்சியும் சலுகை வட்டியில் கடனும் வேண்டும் என்கிறது. தமிழக அரசு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாக வழங்கி வந்திருக்கிறது. தொழில் செய்வதற்கென்றே கொடுக்கும் பொருளை வைத்துத் தொழில் செய்வதை மறைப்பானேன்?

வருவாய்த் துறை வழங்கும் மாத உதவித்தொகையில்தான் எச்சரிக்கை வேண்டும். 2023 ஜனவரி முதல் அது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வறுமையை நோக்கித் தரப்படுவதால், அங்கே குடும்பத்தின் வருமானம் கேட்கப்படும். மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டமோ இன்னும் கடுமையானது; 80 விழுக்காடு ஊனமும் வறுமைக் கோட்டின்கீழ் இருத்தலும் வேண்டும் என்றது. இங்கே உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஆனால் எது உண்மை என்பது தெரிந்திருக்க வேண்டும். இட்லி மாவு அரைத்து விற்கும் ஒருவர் மாதம் 12,000 ரூபாய்க்கு விற்கிறார். அரிசி, உளுந்து, மின்கட்டணம் ஆகியவற்றிற்கு 8,500 ரூபாய் போகிறது. அவர் வருமானம் 3,500 ரூபாயே. வெள்ளந்தியாகப் "பன்னிரண்டாயிரம்" என்று சொல்லிவிட்டு வருந்துவதைவிட, அன்றாட வரவு செலவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நலம். மாணவர்கள் தம் வீட்டாருக்கு இந்தக் கணக்கை எழுதிக் கொடுக்கலாம்.

விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதிலும் சிறு சிக்கல் உண்டு. 2018 முதல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் அதற்கேற்ப வேறுபடும். உதவித்தொகைக்கு அவரவர் வட்டாட்சியர் அலுவலகத்தை அணுகலாம்.

இனி, அந்தத் தையல் இயந்திரமே மற்றொரு நாள் கையைக் காயப்படுத்தினால்? தமக்குத் தாமே முதலாளியானவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. 2015இல் தொடங்கிய பிரதமரின் விபத்துக் காப்பீடு இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்குடையோர் சேரலாம். 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். ஒரு கையோ ஒரு கண்ணோ முற்றும் போனால் ஒரு லட்சம், இரண்டும் போனால் இரண்டு லட்சம். விரல் மட்டும் போனால் அதில் ஒன்றும் இல்லை. சேர்ந்தவர்கள் மே மாத இறுதியில் அவ்விருபது ரூபாய் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காப்பீட்டு ஆண்டு ஜூன் முதல் நாள் தொடங்குகிறது.