பெட்டியில் போட்ட எடையை நம்பி லென்ஸை ஏற்றலாமா?

ட்ரைபாட் ஹெட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது பெட்டியில் அச்சிட்ட எடையைத்தான். "இருபது கிலோ தாங்கும் சார், உங்க கேமரா எல்லாம் சேர்த்தே அஞ்சு கிலோ வராது" என்பார். அந்த இருபது கிலோவை எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள், பதில் வராது. கேமராவை மாட்டும் திருகின் அளவுக்கு ஐஎஸ்ஓ 1222 என்ற உலகத் தரம் உண்டு. தாங்கும் எடையை அளப்பதற்கோ எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொது முறை கிடையாது. செங்குத்தாக எடையை ஏற்றி, உடையாமல் நின்றாலே போதும் என்று ஒருவர் எண்ணைப் போடலாம். சாய்த்துப் பூட்டி, நழுவாமல் நின்ற எடையை மட்டும் இன்னொருவர் போடலாம். வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஹெட்டைத் தோற்கடிப்பது வெறும் எடை அல்ல, சாய்வு. 600 எம்எம் எஃப்/4 லென்ஸ் ஒன்று சுமார் 3 கிலோ. கேமராவோடு சேர்த்தால் நாலரை கிலோவை நெருங்கும். அந்தப் பாரத்தின் மையம் பால் ஹெட்டின் பந்துக்கு 10 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்கும்போது பாரம் முழுக்கக் கால்களுக்குள் இறங்கிவிடும். 30 டிகிரி சாய்த்தால் அதே பாரம் பந்திலிருந்து 5 செ.மீ. தள்ளி நின்று முறுக்கும். 90 டிகிரிக்குக் கவிழ்த்தால் முறுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. பந்தைப் பிடித்திருப்பது உராய்வு மட்டுமே. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, கடற்கரை மணல் எதுவும் அதற்கு ஆகாது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் பெட்டியில் உள்ள எண்ணை இரண்டாலோ மூன்றாலோ வகுத்து, மிச்சத்தைத்தான் நம்புவார்கள்.

கனத்த லென்ஸுக்கு எந்த ஹெட் என்பது வேலையைப் பொறுத்தது. வேடந்தாங்கலில் பறக்கும் கூழைக்கடாவைத் துரத்துபவருக்கு கிம்பல் ஹெட்தான் பொருந்தும். காலர் உள்ள லென்ஸை அச்சுக்கு நேராக நிறுத்திச் சமன் செய்துவிட்டால், எந்தப் பக்கம் திருப்பினாலும் கவிழாது. கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும். பால் ஹெட் மலையையும் கோபுரத்தையும் எடுக்கச் சுகம். பெரிய லென்ஸோடு, பூட்டைத் தளர்த்திய நொடியில் 'டொக்'கென்று தலை கவிழும். கல்யாண வீடியோவுக்கு ஃப்ளூயிட் ஹெட். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் எதிர்பாரச் சுருள்வில் குறிப்பிட்ட எடைக்காக அமைத்தது. கேமரா அதைவிடக் கனத்தால் முன்னால் சாயும், லேசாக இருந்தால் மேலே எகிறும். 'பெருசா வாங்கினா நல்லது' என்பது இங்கே பொய்க்கும்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள். சொந்தக் கேமராவையும் லென்ஸையும் எடுத்துப் போய் மாட்டி, முழு ஜூமில் ஒரு புள்ளியைக் குறிவைத்து, சாய்த்துப் பூட்டுங்கள். கீழே கையை ஏந்தியபடி பிடியை விடுங்கள். வ்யூஃபைண்டரில் புள்ளி நகர்ந்தால் பூட்டு போதவில்லை என்று அர்த்தம். கேமராவின் அடியில் மாட்டும் பிளேட்டின் இரு முனையிலும் குட்டித் தடுப்புத் திருகு இருக்கிறதா பாருங்கள்; கிளாம்ப் தளர்ந்தாலும் கேமரா சறுக்கி விழாமல் காப்பது அதுதான். ஹெட்டைக் கால்களோடு இணைப்பது 3/8 அங்குலத் திருகு. இடது பக்கம் தொடர்ந்து திருப்பினால் ஹெட் மெல்லக் கழன்றுவரும். ட்ரைபாட் தட்டின் அடியில் ஆலன் கீயால் முறுக்கும் சிறு திருகுகளை வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். மண்டபத்தில் கேமரா சரிந்தால் லென்ஸ் மட்டும் போவதில்லை, கீழே குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கியும் பொருள் ஏமாற்றினால்? 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அடித்திருப்பதைக் கண்டு திரும்பிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படியே. இறக்குமதிச் சரக்கென்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் எண் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள்.

'நான் தொழிலுக்கு வாங்கினேன், எனக்குச் சட்டம் பேசாது' என்று போட்டோகிராபர்கள் பலர் தாங்களே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அது தவறு. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். ஆள் வைத்து நடத்தும் பெரிய ஸ்டுடியோவுக்கு இந்த வாதம் எடுபடுவது கடினம்.

தயாரிப்புக் குறையாலோ, எச்சரிக்கை தராததாலோ ஹெட் உடைந்து லென்ஸ் நொறுங்கினால், 'பொருள் பொறுப்பு' என்ற பிரிவில் லென்ஸுக்கும் இழப்பீடு கேட்கலாம். தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கென்றால் விற்றவர் மேலேயே பொறுப்பு விழலாம். அன்றைய கல்யாண ஆர்டர் போன நஷ்டம் இந்தப் பிரிவில் வராது. ஹெட்டை நீங்கள் மாற்றியமைத்திருந்தாலும், தவறாகப் பயன்படுத்தியிருந்தாலும் விற்றவர் மேல் வழக்கு நிற்காது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் 1915-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் இல்லை. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும். ஆகவே உடைந்த ஹெட்டைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்க வேண்டாம். விழுந்த நிலையிலேயே படம் எடுத்து, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பெட்டி மூன்றையும் அதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் போட உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.