இரு தடமும் ஒரு சுருதியும்

ஒலிப்பதிவு முன்னாளிற் பெரிய நிலையங்களுக்கே உரிய தொழிலாயிருந்தது. இந்நாளிலோ ஒரு கணினியும் இரண்டு மைக்கும் உடைய மாணாக்கர் எவரும் தம் அறையிலிருந்தே அதனைச் செய்துகொள்கின்றனர். அவ்வாறு செய்வோர் இடறும் ஓரிடத்தை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

ஒருவர் பாடுகின்றார் எனக் கொள்வோம். ஒரு மைக் அவர் வாயருகே உளது. மற்றொன்று சற்று எட்டி நின்று அறையின் முழக்கத்தையும் சேர்த்து வாங்குகின்றது. குரல் ஒன்று, தடங்கள் இரண்டு. பாட்டு நன்கமைந்தும் ஓரிரண்டிடத்துச் சுருதி சிறிது விலகிற்று. மீண்டும் பாடுவித்தற்கும் வழியில்லை. ஆதலின் சுருதி திருத்தும் மென்பொருளை ஒவ்வொரு தடத்தின்மீதும் ஏவுகின்றோம். தனியே கேட்கின் இரண்டும் செவ்வனே உள்ளன. சேர்த்துக் கேட்கினோ, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல உள்ளீடற்று ஒலிக்கின்றது. பழி பாடியவர் தலையில் விழுகின்றது.

காரணம் யாதெனின், இவ்வகை மென்பொருள் ஒலியலை மீண்டும் மீண்டும் வரும் கால அளவைக் கணித்தே சுருதியை அறிகின்றது. எண்ணெய் வளம் தேடும் பணியில் நிலவதிர்வு அலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டிபிராண்டு என்பாரே 1997-இல் ஆட்டோ-டியூனை வெளியிட்டார். அருகிலுள்ள மைக்கில் அலை தெளிவாக இருக்கும்; எட்டியதில் எதிரொலி கலந்திருக்கும். எனவே இரு கணக்கும் ஒவ்வா. அரைச்சுருதியை 100 சென்ட்டாகப் பகுப்பர். ஒரு தடம் 440 அதிர்விலும், மற்றொன்று 5 சென்ட் கூடி ஏறத்தாழ 441.3 அதிர்விலும் நிற்பின், விநாடிக்கு ஒரு முறைக்கு மேல் ஒலி எழுந்து தாழும்.

இரு மைக்குகளுக்கும் வாயிலிருந்து உள்ள தூரம் 34 சென்டிமீட்டர் வேறுபடின், ஒலி எட்டியதை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்து அடையும். அத்தாமதம் மாறாதிருக்குமளவும் செவி அதனைப் பொறுக்கும். தனித்தனித் திருத்தம் அதனை நொடிக்கு நொடி அலையச் செய்கின்றது, கேடு அங்கேதான்.

ஆகவே திருத்துமுன் இரு தடங்களையும் ஒரே தொடக்கமும் ஒரே நீளமும் உடையனவாக்கி, ஒன்றை இடப்புறமும் மற்றதை வலப்புறமும் வைத்து, ஒரே ஸ்டீரியோ தடமாக இணைத்தல் வேண்டும். அடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. பின்னர் அத்தடத்தைத் திருத்தி, மோனோவாகக் கேட்டு, குறையில்லையெனில் மீண்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இரு புறத்தையும் ஒருங்கே நடத்தாத மென்பொருளாயின், அருகிலுள்ள தடத்தை மட்டும் திருத்தி, மற்றதை விலக்கி, செயற்கை முழக்கம் சேர்ப்பதே நன்று, இழப்பு சிறிதே. கமகத்தையும் பிழையெனக் கொண்டு நேராக்கிவிடும் வேகத்தில் கருவியை வைத்தலாகாது என்பதை நம் இசை பாடுவோர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

ஒருவரே இருமுறை பாடிய தடங்களோ வேறு. அங்கே சிறு வேற்றுமையே அழகு. 1966-இல் லண்டன் ஆபி ரோடு நிலையத்துக் கென் டவுன்சென்டு, பீட்டில்ஸ் குழுவினர் இருமுறை பாடும் சிரமத்தை நீக்க, நாடாக் கருவியின் வேகத்தைச் சிறிது அலையவிட்டே இரண்டாங்குரலை உண்டாக்கினார். இத்தகைய தடங்களை ஒன்றாக இணைத்துத் திருத்தின், ஒன்றன் பிழைக்குரிய திருத்தம் பிழையற்ற மற்றதன்மீதும் ஏறும். அவற்றைத் தனித்தனியேதான் திருத்தல் வேண்டும். அதுவும் மிக விலகிய இடங்களில் மட்டும்.