இரு கரையிலும் ஒரு பாட்டு

மலையகத் தோட்ட மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி அச்சேற்றினார். சொற்கள் பிழைத்தன, மெட்டு ஏட்டில் ஏறுமோ? ஒப்பாரி எவ்வடியில் உடைந்தது என்பதை ஒலிப்பதிவே உணர்த்தும். ஆனால், மலையகத்தில் மட்டும் தேடினாற் போதாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தலைமன்னாரிற் கப்பலேறியோருள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தனர். ஒரே லயத்திற் பிறந்த தமக்கை கூடலூரிலும் தங்கை அட்டனிலும் மூப்படைந்திருக்கலாம். கொழுந்தெடுக்கையிற் பாடிய பாட்டின் முதலடி ஒருத்தியிடமும் ஈற்றடி மற்றவளிடமும் தங்கியிருக்கக்கூடும். பாட்டை மட்டும் பதிந்து திரும்புவது அரைவேலை. எந்த மலையில், எந்தக் கங்காணியின் காலத்தில், யார் பாடக் கேட்டது என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்துப் பதிதல் வேண்டும். கருவிக்கு இன்று பஞ்சமில்லை, கைத்தொலைபேசியே போதும். அன்று கப்பலேறிய இளம் பெண்களுக்கோ முதுமை வந்துவிட்டது.