உஷார்! ஸ்கூட்டர் விழுங்கும் மட்டாஞ்சேரி நடை

பிள்ளையைப் பள்ளியில் விட, பால் பாக்கெட் வாங்க, மருந்துக் கடைக்கு, தெருமுனைத் தையற்காரரிடம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிற மட்டாஞ்சேரி அப்பா அம்மாக்களே, உஷார்! "காலையில் எழுந்ததிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன், இதில் தனியாக நடை வேறயா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஓடுவது வண்டி. நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கே பயமாகத்தான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் வெளியானபோது கேரளத்துப் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து சாயா குடித்தால் அதில் ஒருவருக்குச் சர்க்கரை போடக் கூடாது. அடுத்த ஆண்டு 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த உலகக் கணக்கு இன்னும் மோசம். தேவையான அளவு உடலை அசைக்காத இந்தியர்கள் 2000-இல் சுமார் 22 சதவீதம். 2022-இல் ஏறத்தாழ 50. நூறு ஆண்களில் 42 பேர் என்றால் நூறு பெண்களில் 57 பேர். வீட்டையும் வேலையையும் ஒருசேர இழுக்கிற அம்மாக்கள் எந்தப் பக்கம் இருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்கிற பகுதியிலுள்ள தோபிகானாவில் நாள் முழுக்க நின்று துவைக்கிற தமிழ் வண்ணார் குடும்பங்களிடம் போய் இந்த உபதேசத்தைச் செய்தால் சிரிப்பார்கள். இது உட்கார்ந்து சம்பாதிக்கிற மற்றவர்களுக்கான எச்சரிக்கை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மட்டாஞ்சேரி நடப்பதற்கென்றே அமைந்த ஊர். போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568-இல் எழுந்த யூதர் ஜெபாலயமும், மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோடு கிடங்குகளும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்னால் வகுத்த தெருக்கள். இந்தத் தெருக்களில் ஸ்கூட்டரைத் திருப்பி, இடம் தேடி நிறுத்துகிற நேரத்தில் பாதித் தூரம் நடந்தே போயிருக்கலாம்.

"ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்?" யாரும் ஒரு மணி நேரம் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், சற்று மூச்சு வாங்குகிற வேகத்தில். முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்றார்கள். 2020-இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று சில்லறையாகச் சேர்த்தாலும் செல்லும். தினம் பத்தாயிரம் அடி என்கிற மிரட்டலையும் தூக்கிப் போடுங்கள். அது 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து கிளம்பிய எண். 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' 2025-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏழாயிரம் அடியிலேயே பெரும்பலன் வந்துவிடுகிறது.

எர்ணாகுளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து நல்ல வழி ஒன்று திறந்திருக்கிறது. அரண்மனைக்குப் பக்கத்திலேயே வாட்டர் மெட்ரோ படகுத்துறை. வீட்டிலிருந்து துறைக்கு நடை, ஹைகோர்ட் துறையில் இறங்கி ஆபீசுக்கு நடை, சாயங்காலம் திரும்ப அதே. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. இரவு சாப்பிட்டதும் சோபாவில் சாய்வதற்கு முன் பிள்ளையோடு தெருவை ஒரு சுற்று சுற்றுங்கள். சாப்பாட்டுக்குப் பின் சில நிமிடம் மெல்ல நடந்தாலே ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். பிள்ளைக்கும் தினம் ஒரு மணி நேர அசைவு வேண்டும். பள்ளி வேனில் போய், டியூஷனில் உட்கார்ந்து, போனில் முடிகிற நாளில் அது எங்கிருந்து வரும்?

சரி, நாளைக்கே இறங்குகிறேன் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அடுத்த உஷார் இங்கேதான் இருக்கிறது.

2022 நவம்பரில் கொச்சி பனம்பிள்ளி நகரில், மெட்ரோவிலிருந்து இறங்கி அம்மாவோடு நடந்து வந்த மூன்று வயதுக் குழந்தை திறந்து கிடந்த சாக்கடைக்குள் விழுந்தது. அம்மாவே போராடி மீட்டார். உயர் நீதிமன்றம் மாநகராட்சியைக் கடுமையாகக் கண்டித்து, சாக்கடைகளை மூடக் கெடு வைத்தது. அதற்குப் பிறகும் ஸ்லாப்பை நம்பிக் குழந்தையை முன்னால் ஓட விடாதீர்கள். மழைத் தண்ணீர் தேங்கிவிட்டால் எது தரை, எது பள்ளம் என்று தெரியாது; அன்றைக்கு அந்தப் பாதையே வேண்டாம். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். குழந்தை சுவர்ப் பக்கம், நீங்கள் வண்டிப் பக்கம். மூட்டை இறக்கும் லாரி நிற்கிற பஜார் ரோட்டில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடப்பது சுத்த முட்டாள்தனம். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்கள் 32,825 பேர் செத்தார்கள். மத்திய அரசின் கணக்கு இது.

சர்க்கரை உள்ளவர்கள் ரப்பர் செருப்போடு கிளம்பாதீர்கள். மரத்துப்போன காலில் கல் குத்தினால் தெரியாது. புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். விரல்களை மூடும் ஷூ போடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போகக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

கடைசியாக, எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கு தண்ணீரில் கால் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு வழியாகக்கூடக் கிருமி ஏறும். கேரளத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் உயிர் குடிக்கிற நோய். தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்கிளின் எடுப்பது பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தாமாக எடுக்கக் கூடாது. எலிப்பனியின் முக்கிய அறிகுறிகள் காய்ச்சல், கண் சிவப்பு, அப்புறம் கெண்டைக்கால் வலி. புதிதாக நடக்கத் தொடங்கியவர் அந்த வலியை நடையின் மேல் பழி போட்டு, பாராசிட்டமால் விழுங்கி இரண்டு நாள் ஓட்டிவிடுவார். ஓட்டாதீர்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், தேங்கிய தண்ணீரில் நடந்ததை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.