மூச்சைக் கவனித்தால் போதுமா?

கராச்சர்மாவில் நம்மவர் வீடுகளில் தகப்பன் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார். மகன் முகம் வாடியிருந்தால், "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடுகிறோம்.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் பயிற்சி பல பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. டில்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் 'மகிழ்ச்சிப் பாடம்' என்றே தொடங்கினார்கள். நல்லதுதான், படபடப்பு சற்று அடங்கும். ஆனால் சர்வரோக நிவாரணி அல்ல. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. வழக்கமான வகுப்பைவிட இப்பயிற்சி அதிகப் பலன் தரவில்லை. ஏற்கெனவே மனம் நொந்திருந்த பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று கண்டார்கள். தனியே கண்ணை மூடினால் துயரமல்லவா முன்னே வந்து நிற்கும்!

அப்படிப்பட்ட பிள்ளைக்குத் துணை வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நம் தீவுக்கு வந்த பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைத்தான் செய்தார்கள். ஆசிரியர்களையே கொண்டு பிள்ளைகளைப் படம் வரைய, நாடகம் போட, விளையாட, கூடிப் பேச வைத்தார்கள்.

மகன் சோற்றை ஒதுக்குகிறானா, தூங்காமல் புரள்கிறானா, பள்ளிக்குப் போக மறுக்கிறானா? அதட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.