மதகுத் திருகில் மிச்சமாகும் பற்சக்கரங்கள்

ஜன்னல் திரையைச் சுருட்டும் மோட்டாருக்கும் தஞ்சை வாய்க்கால் மதகுக்கும் கணக்கு ஒன்றுதான்: சிறிய முறுக்குவிசையைப் பல சுற்றுகளாக வாங்கிப் பெரிய பாரத்தைத் தூக்குவது. திரைக்குழலுக்குள் பற்சக்கர அடுக்கும் பிரேக்கும் நெருக்கியடித்திருக்கும். சாதாரண மதகிலோ மரைத்தண்டும் மரையுமே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடுகின்றன. மரையின் சரிவு குறைவு. கையை எடுத்தாலும் பலகை இறங்காது. பிரேக்கே வேண்டாம்.

இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் திருகு, கொடுத்த உழைப்பில் பாதிக்குமேல் உராய்வில் தின்றுவிடுமே என்பார்கள். உண்மைதான். ஆனால் மதகு என்ன, நாளெல்லாம் ஓடும் பம்ப்செட்டா? முறைப்பாசனத்தில் எப்போதாவது அசைவது. மோட்டார் வைத்தாலும் வீணாகும் மின்சாரம் அற்பம். வண்டல் படிந்து திருகு இறுகும் என்பதுதான் வலுவான ஆட்சேபம். கையால் சுற்றுபவர் அந்த இறுக்கத்தை உணர்ந்து நிறுத்துவார், மோட்டார் தண்டையே வளைத்துவிடும். ஆகவே மோட்டார் பொருத்தும்போது சேர்க்க வேண்டியது, முறுக்குவிசை எல்லை மீறினால் நிறுத்தும் சுவிட்ச்; கூடுதல் பற்சக்கரம் அல்ல.